பட்டறைப் பக்கம்: வீட்டு லேத்தும் வாசகர் கேள்விகளும்

வீட்டின் பின்கொட்டிலில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய சிறிய லேத், மில்லிங் இயந்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். லேத் என்பது பொருளைச் சுழலவிட்டு வெட்டலகால் சீவும் கடைசல் இயந்திரம்; மில்லிங் இயந்திரம் என்பது மேசையில் பூட்டிய பொருளைச் சுழலும் கட்டரால் வெட்டுவது. அதைப் படித்துவிட்டுத் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் எழுதியவர்களில் பலர் ஒரே வினாவைக் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாக்கி இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். சிறிய லேத் ஒன்றும் மில்லிங் இயந்திரம் ஒன்றும் வாங்க எண்ணியிருக்கிறேன். "இந்த வயதில் விளையாட்டுச் சாமானா?" என்று மனைவி கேட்கிறார். வீட்டுக்கு உண்மையாகவே பயன்படுகின்ற எதை அவற்றில் செய்யலாம்? – உப்புவெளி வாசகர்

பதில்: உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. லேத் வாங்கிய எவரும் முதலில் பித்தளையில் ஒரு பம்பரம் கடைவார். அடுத்து ஒரு சிறு குத்துவிளக்கு. அதற்கடுத்துச் சதுரங்கக் காய்கள். முப்பத்திரண்டு காய்களையும் முடித்த ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. கை பழகுவதற்கு இவை நல்லவைதாம். ஆனால் கண்ணாடி அலுமாரிக்குள் போய் அமர்ந்த பின்னர் அவற்றால் வீட்டில் எவருக்கும் ஆவது ஒன்றுமில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு கைப்பிடியை அரை நாள் மினக்கெட்டுக் கடைவதும் அத்தகையதே. எந்தக் கடையிலும் தனியாக விற்கப்படாத ஒரு சிறு உறுப்பு தேய்ந்துபோனதற்காக முழுப் பொருளையும் வீசிவிட நேர்கிறதே, அந்த இடத்தில்தான் வீட்டு லேத் தன் விலைக்குப் பதில் சொல்கிறது. ஆகவே, எதைச் செய்யலாம் என்று என்னைக் கேட்பதிலும், வீட்டில் எது ஆடுகிறது, எது கழன்று கிடக்கிறது என்று அவரையே கேட்பது கூடிய பயன் தரும்.

பெரும்பாலும் அவர் முதலில் சுட்டிக்காட்டுவது தேங்காய் திருவலையாக இருக்கும். மேசை விளிம்பில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுகின்ற வகைத் திருவலைகள் பலவற்றில், வார்த்த அலுமினிய உடலில் உள்ள வெறுந்துளைக்குள்ளேயே தண்டு சுழல்கிறது; இடையில் புஷ் எனப்படும் உட்குழல் எதுவும் இருப்பதில்லை. சில ஆண்டுகள் தினமும் சுற்றியபின் துளை முட்டை வடிவமாகி, தண்டு தலையாட்டத் தொடங்குகிறது. தேங்காய்ப்பூவில் அங்குமிங்கும் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால், அது தேய்ந்த அலுமினியம் உணவில் கலப்பதன் அடையாளம். கத்தி நன்றாக இருக்க, உடல் நன்றாக இருக்க, இந்தத் துளைக்காகவே திருவலை குப்பைக்குப் போகிறது.

இதைச் சீர்செய்ய இரண்டு இயந்திரங்களும் வேண்டும். உடல் கோணல்மாணலாக இருப்பதால் அது லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் நிற்காது. மில்லிங் இயந்திரத்தின் மேசையில் கட்டைகள் கொடுத்து அசையாமல் பூட்ட வேண்டும். துளை இரு வாய்களிலும் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் தேய்ந்திருக்கும் என்பதால், நடுப்பகுதியில், நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் மானியின் நுனியைத் தொடவிட்டுப் பழைய மையத்தைக் கண்டுபிடிக்கலாம். மையம் அகப்பட்டதும் துளையை 14 மி.மீ. அளவுக்கு நேராகப் பெருக்குங்கள். அடுத்தது லேத் வேலை: தண்டின் தேய்ந்த பகுதியை வட்டம் வரும்வரை மெல்லச் சீவுங்கள், 10 மி.மீ. தண்டு 9.5க்கு இறங்கினாலும் பழுதில்லை. புதிய புஷ்ஷுக்கு வெள்ளை அசிற்றல் பிளாஸ்ரிக் கோலை எடுத்து, வெளிவிட்டத்தைத் துளையைவிட 0.05 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, வைஸின் தாடைகளுக்கிடையில் வைத்து நேராக அழுத்திச் செருகுங்கள். செருகியபின் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். ஆதலால் உள்துளையை முதலில் சிறிது குறைவாக விட்டு, அழுத்தி முடிந்த பின்னரே இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்து, தண்டு நுழையாமல் விழித்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

நைலோன் கோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துப் பருக்கும். கழுவிய மறுநாள் கைப்பிடி இறுகிப்போகும். எளிதாகக் கடையக்கூடிய பித்தளையும் இங்கே ஆகாது. சீவல் பொடியாக உதிர வேண்டும் என்பதற்காக அதில் ஏறத்தாழ 3 சதவீதம் ஈயம் சேர்த்திருப்பார்கள். விளக்குக்கும் கதவுக் குமிழுக்கும் ஏற்ற பித்தளை உணவில் படும் உறுப்புக்கு ஏற்றதன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிணற்றுக் கப்பியின் நடுப்புஷ், தையல் இயந்திரத்தில் நூல் சுற்றும் சில்லு, மேசை மின்விசிறியின் கழுத்துத் திருகாணி, புட்டுக்குழலின் துளைச்சில்லு, இடியப்ப உரலின் அச்சுத்தட்டை இறுக்கும் வளையம் ஆகிய எல்லாம் ஒரு மாலைப்பொழுதுக்குள் முடியும் வேலைகள். இரும்புக் கேற்றின் பிணைச்சலுக்குச் செய்யும் ஊசி மட்டும் சற்று விளக்கத்துக்கு உரியது. 12 மி.மீ. கோலின் தலையிலிருந்து பாதி நீளம்வரை 3 மி.மீ. துளையை நெடுக்காக இறக்கி, அதன் அடியைச் சந்திக்கும்படி பக்கவாட்டில் இன்னொரு துளை போட்டு, தலைத்துளையின் வாயை 5 மி.மீ. ஆகப் பெருக்கி எம்6 எனப்படும் 6 மி.மீ. புரி வெட்டினால், வாகனங்களில் உள்ளது போன்ற கிறீஸ் நிப்பிள் ஒன்றை அங்கே பூட்டலாம். ஆண்டுக்கு இரண்டு முறை கிறீஸ் அடித்தால், விடியற்காலையில் கேற்றைத் திறக்கும்போது அயல் முழுவதும் எழும்பாது.

வாங்குவதைப் பற்றி: வீடுகளில் பரவலாகக் காணப்படும் சிறிய லேத், 180 மி.மீ. விட்டமுள்ள பொருளைப் படுகை எனப்படும் அடித்தளத்துக்கு மேல் சுழற்றவல்லது. ஆனால் அலகைத் தாங்கி நகரும் வண்டிக்கு மேலே அந்த இடைவெளி ஏறக்குறைய 110 மி.மீ. ஆகக் குறுகிவிடும். எடை ஏறத்தாழ 40 கிலோ. 230 வோல்ற்று வீட்டு மின்சாரமே போதும். முதலில் லேத்தை மட்டும் வாங்கி ஆறு மாதம் பழகுங்கள். லேத்தின் மேலேயே மில்லிங் தலை பொருத்திய இரட்டை இயந்திரங்களை நான் விரும்புவதில்லை. ஒரு வேலைக்கு அமைத்ததை மற்ற வேலைக்காகக் கழற்றிக்கொண்டிருப்பதிலேயே பொழுது போய்விடும். இன்னொன்றையும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: சக்குகள், வெட்டலகுகள், அளவுகருவிகள், வைஸ் என்று துணைச்சாமான்களுக்கு இயந்திரத்தின் விலைக்கு ஏறக்குறைய ஈடான தொகை மெல்ல மெல்லப் போய்ச் சேரும்.

கேள்வி: கடலோரத்தில் சிறிய விடுதி நடத்துகிறேன். கதவுத் தாழ்ப்பாள், துவாய் தாங்கி, குளியலறைக் கொக்கி எல்லாம் ஒரு மாரிக்குள் கறள் பிடித்துவிடுகின்றன. கடைந்து செய்வதானால் எந்த உலோகத்தில் செய்யலாம்? – நிலாவெளி வாசகர்

பதில்: கடையில் "ஸ்டெயின்லெஸ்" என்ற ஒரே பெயரில் விற்கப்படுவனவற்றுள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. 304 எனப்படுவதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு; ஊருக்குள்ளே அது போதும். கடலிலிருந்து வீசும் உப்புக்காற்றில் அதன் மேல் தேயிலைச் சாயம் போன்ற கபிலக் கறை படியும். 316 எனப்படுவதில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால், உப்பின் குளோரைட்டை அது நன்றாகத் தாங்கும். வாடி ஓரத்தில் வாழும் உங்களுக்கு 316தான். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டுமே காந்தத்தை ஏறக்குறைய ஈர்ப்பதில்லை. நம்பிக்கையான இடத்தில், என்ன வகை என்று பொறித்த கோலாக வாங்குங்கள்.

316ஐக் கடைவது பித்தளையைக் கடைவது போன்றதன்று. வெட்டலகு மேற்பரப்பில் வெட்டாமல் உரசினால், உரசிய இடமே கடினமாகி அடுத்த சீவலை எடுக்கவிடாது. வேகத்தைக் குறைத்து, அலகைத் தயங்காமல் உள்ளே செலுத்த வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என்ற வெட்டுவேகத்தை 1000 ஆல் பெருக்கி, மி.மீ. அளவிலான விட்டத்தையும் 3.14ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால் சக்கின் நிமிடச் சுற்று கிடைக்கும். உயர்வேக உருக்கு அலகுக்கு 316இல் நிமிடத்துக்கு 15 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. கோலுக்கு ஏறத்தாழ 240 சுற்று வரும். அதே கோல் மெல்லுருக்காயின் 400 சுற்று, பித்தளையாயின் 950 சுற்று. பித்தளையில் பழகிய கை 316இல் அவசரப்படுவதால்தான் அலகின் நுனி நீலம் பாரித்துக் கருகுகிறது.

பித்தளைக் கொக்கி பார்வைக்கு அழகுதான். ஆனால் உப்புநீர் தொடர்ந்து படும் இடத்தில் அதிலுள்ள நாகம் கரைந்து வெளியேற, இளஞ்சிவப்பான, பஞ்சு போன்ற செம்பு மட்டும் எஞ்சும். ஒரு நாள் ஈரத்துவாயின் பாரத்துக்கே முறிந்துவிடும். படகுச் சாமான்களுக்குக் கன்மெற்றல் எனப்படும் வெண்கலத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். அதில் செம்பு 88, வெள்ளீயம் 10, நாகம் 2 என்ற அளவில் கலந்திருக்கும். அலுமினியத் தாங்கியை ஸ்டெயின்லெஸ் திருகாணியால் நேரடியாக இறுக்குவதையும் தவிருங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். ஆணியும் கழற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும். இடையில் ஒரு பிளாஸ்ரிக் வாசரும் புரியில் சிறிது கிறீஸும் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

நீச்சல் தடாகத்துக்கான குளோரினையும் குளியலறை கழுவும் அமிலத்தையும் லேத் இருக்கும் அறையில் வைக்காதீர்கள் என்பதையும் விடுதிக்காரரான உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். மூடிய போத்தலிலிருந்து கசியும் ஆவியே போதும்; ஓர் இரவில் படுகை முழுவதும் செம்மண் நிறமாகிவிடும்.

கேள்வி: பிரஷர் குக்கரின் மேலே வைக்கும் குண்டு தொலைந்துவிட்டது. அதே அளவில் ஒன்றைக் கடைந்து தர ஒருவர் இசைகிறார். செய்விக்கலாமா? – மூதூர் வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. கடைவது கடினமாக இருப்பதால் சொல்லவில்லை. பார்ப்பதற்கு மிக எளிதாக இருப்பதால் சொல்கிறேன். குண்டின் எடையை நீராவித் துளையின் பரப்பால் வகுத்தால் வருவதே குக்கருக்குள் நிற்கும் அழுத்தம். துளை 3 மி.மீ. ஆயின், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ என்ற அழுத்தத்துக்கு ஏறத்தாழ 70 கிராம் வேண்டும். துளை 4 மி.மீ. ஆயின் அதே அழுத்தத்துக்கு 126 கிராம் வேண்டும். 4 மி.மீ. துளைக்கு உரிய குண்டை யாரேனும் 3 மி.மீ. துளையில் வைத்தால், அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகும். "அதே அளவு" என்று கண்ணால் பார்த்துச் செய்கிற பொருளல்ல இது. அந்தக் குக்கருக்கு உரிய குண்டைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குக்கரைச் சாதாரணப் பானையாகப் பயன்படுத்துங்கள். சமையல் எரிவாயுச் சீராக்கி, அதன் குழாய்மூட்டு ஆகியவற்றுக்கும் இதே விடைதான். குக்கரின் உடைந்த கைப்பிடியைத் திருத்துவதாயின் தாராளமாகச் செய்விக்கலாம்.

கேள்வி: கடற்படைத் துறையில் வெள்ளையர் காலத்தில் வேலை செய்த அப்பப்பா விட்டுச்சென்ற பெட்டியில் புரி வெட்டும் டைகள் பல இருக்கின்றன. அவற்றுள் "அரை அங்குலம்" என்று பொறித்ததைக் கொண்டு வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு மூடி ஒன்று செய்ய முயன்றேன். அளவு கிட்டவும் வரவில்லை. டை பழுதா? – உவர்மலை வாசகர்

பதில்: டை பழுதில்லை; பெயர்தான் குழப்புகிறது. 1957இல் துறைமுகத்திலிருந்த தளத்தைப் பிரித்தானியர் கையளித்துச் சென்றபோதிலும், அவர்களுடைய புரிகள் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஜோசப் விற்வேர்த் என்ற பொறியியலாளர் 1841இல் முன்வைத்த முறையைச் சேர்ந்தவை, எழுத்துகளுள் அம்முறையின் சுருக்கப் பெயரான பி.எஸ்.டபிள்யூ. என்பது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் அரை அங்குல ஆணி என்றால் வெளிவிட்டம் அரை அங்குலமே, அதாவது 12.7 மி.மீ.; அங்குலத்துக்கு 12 புரிகள். தண்ணீர்க் குழாயில் அரை அங்குலம் என்பதோ பழைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்து வந்த பெயர். அதன் மேலுள்ள புரியின் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; அங்குலத்துக்கு 14 புரிகள். புரியின் கோணம் மட்டும் இரண்டிலும் 55 பாகையே.

எனவே உங்களுக்கு வேண்டியது பி.எஸ்.பி. எனப்படும் குழாய்ப்புரி. அதற்கான டை கையில் இல்லாவிட்டால் லேத்திலேயே வெட்டலாம். அங்குலத்துக்கு 14 என்பது ஒரு சுற்றுக்கு 1.814 மி.மீ.; உங்கள் லேத்தில் வண்டியை நகர்த்தும் வழித்தண்டு மெற்றிக் அளவாயின், உடன் வரும் பற்சில்லு அட்டவணையில் 14ஐத் தேடிச் சில்லுகளை மாற்றுங்கள். இங்கே பலர் விடும் பிழை ஒன்று உண்டு. மெற்றிக் வழித்தண்டில் அங்குலப் புரி வெட்டும்போது, ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் வண்டியை வழித்தண்டோடு இணைக்கும் அரைநட்டைத் திறந்து வண்டியைக் கையால் பின்தள்ளினால், அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாது. அரைநட்டைப் பூட்டியபடியே வைத்திருந்து, அலகை வெளியே இழுத்துக்கொண்டு, மோட்டரைப் பின்னோக்கிச் சுழற்றித் தொடக்கத்துக்கு வர வேண்டும். நேரம் எடுக்கும், புரி கெடாது.

அமெரிக்க அளவில் செய்த குழாய்ச்சாமான் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் விழிப்பாயிருங்கள். அதிலும் அரை அங்குலத்துக்கு 14 புரிகளே. ஆனால் கோணம் 60 பாகை, மேலும் முனை நோக்கிக் கூம்பிவரும். ஓரிரு சுற்று நன்றாக ஏறும். பிறகு ஒழுக்கைத் தடுக்கும் வெண்ணாடாவை எவ்வளவு சுற்றினாலும் ஒழுகும். அப்பப்பாவின் டைகளை வீச வேண்டாம்: பழைய ஆங்கில மோட்டார்ச் சைக்கிள், கதவுப் பூட்டு போன்றவற்றில் அந்தப் புரிகளை இன்றும் காணலாம்.

கேள்வி: வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை நாங்களே வார்க்க ஓர் அச்சு வேண்டும். சிறிய மில்லிங் இயந்திரத்தில் செய்ய முடியுமா? – கிண்ணியா வாசகர்

பதில்: முடியும்; மில்லிங் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை கிடையாது. 12 மி.மீ. தடிப்பான அலுமினியத் தகடுகள் இரண்டை எடுத்து, முகங்களைச் சமப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, மூலைக்கு மூலை இரண்டு ஊசித்துளைகளை ஒன்றாகவே போடுங்கள். அந்த ஊசிகள்தாம் பின்னர் இரு பாதிகளையும் வழுவாமல் பொருத்தும். பிறகு தகடுகளைப் பிரித்து, உருண்டை மூக்குள்ள 10 மி.மீ. கட்டரால் ஒவ்வொன்றிலும் சரியாக 5 மி.மீ. ஆழத்துக்கு அரைவட்டத் தவாளிப்பு எடுத்தால், இரண்டும் சேரும்போது முழு வட்டமாகும். நடுவில் 3 மி.மீ. உருக்குக் கம்பி ஒன்று கிடக்கும்படி சிறு பள்ளம் விட்டால், கயிறு கோக்கும் துளை வார்ப்பிலேயே வந்துவிடும். 40 மி.மீ. நீளமாக வைத்தால் ஒரு குண்டு ஏறத்தாழ 32 கிராம் நிறுக்கும். ஒரே அச்சில் ஆறு வரிசை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து ஊற்றுவாய் வையுங்கள். இலேசான இயந்திரங்களில் திருகுக்கும் நட்டுக்கும் இடையில் தளர்வு இருக்கும். ஆதலால் கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே மேசையை நகர்த்துங்கள். கூடவே நகர்த்தினால் கட்டர் மேசையைத் தன்பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஒரு நல்ல கட்டர் எனக்கு அப்படித்தான் முறிந்தது. மண்ணெண்ணெய் சொட்டுவிட்டுக்கொண்டே வெட்டினால் அலுமினியம் அலகில் ஒட்டாது.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அலுமினியம் உருக 660 பாகை வேண்டும் என்பதால் அச்சுக்கு ஊறு இல்லை. வார்ப்பதற்கு முன்னர் உட்புறத்தை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி படியவிட்டால் குண்டு தானாகக் கழன்று விழும். அச்சை முதலில் சூடாக்கி ஈரம் முழுவதையும் போக்குவது கட்டாயம். உருகிய ஈயம் ஒரு துளி நீரைச் சந்தித்தால், அது கணத்தில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, சமையலுக்கு இனி ஒருபோதும் எடுக்காத பாத்திரத்தில் உருக்குங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். சோற்றில் கைவைக்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: இயந்திரத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா? – கன்னியா வாசகர்

பதில்: புரி வெட்டும்போது, துளைக்குள் புரி வெட்டும் டாப்புக்கும் கோலின்மேல் வெட்டும் டைக்கும் சொட்டுவிடலாம், நன்றாகவே வேலை செய்யும். படுகையில் பூசி வைக்கக்கூடாது. நாட்செல்லச் சிக்குப்பிடித்து, பிசின் போலாகி, பித்தளை உறுப்புகளைப் பச்சையாக்கும். படுகைக்குக் கனிய எண்ணெயே ஏற்றது. ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில், எண்ணெய் தோய்த்த பருத்தித்துணியால் போர்த்துங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே வேர்த்து, மூடாமல் விட்டதைவிடக் கூடுதலாகக் கறள் பிடிக்கும்.

கேள்வி: என் மகள் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் மாமா வீட்டு லேத்தில் பழக விரும்புகிறாள். விடலாமா என்று பயமாக இருக்கிறது. – சாம்பல்தீவு வாசகி

பதில்: விடுங்கள். கல்லூரியில் அவர்கள் ஒழுங்காகவே பழக்குகிறார்கள்; வீட்டில்தான் அந்த ஒழுங்கு தளர்கிறது. முதலில் மாமாவின் சாரத்தைப் பாருங்கள். வீட்டுப் பட்டறைகளில் சாரம் கட்டிக்கொண்டு லேத்தின் முன் நிற்பவர்கள் பலர்; சுழலும் கோலில் அதன் தலைப்பு சிக்கினால் மோட்டர் மனிதனை இழுக்குமே தவிர நிற்காது. மகளுக்கும் இதுவே: துப்பட்டா கூடாது, பின்னலைச் சுருட்டி உச்சியில் கட்ட வேண்டும், வளையலும் மோதிரமும் கழற்ற வேண்டும். கோணேசர் கோயிலில் கட்டிய நூலாயினும் மணிக்கட்டிலிருந்து கழற்றிச் சுவாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வரட்டும்; வேலை முடிந்தபின் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் இயந்திரத்தில் அது விரலையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கண்ணாடி மட்டும் எப்போதும் வேண்டும். நீளச் சீவலைக் கையால் பிடிக்காமல் கொக்கியால் இழுக்க வேண்டும்.

என் கதை ஒன்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். சக்கின் திறப்பை அதன் துளையிலேயே விட்டுவிட்டு நான் ஆளியைப் போட்டது ஒரேயொரு முறைதான். திறப்பு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி என் காலடியில் விழுந்தது. சுவரில் ஏற்பட்ட குழி இன்றும் இருக்கிறது, பூச வேண்டாமென்று விட்டிருக்கிறேன். அன்று மாலையே திறப்பின் முனையில் ஒரு சுருள்வில்லை மாட்டினேன். கை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மட்டுமே திறப்பு துளைக்குள் நிற்கும். கையை எடுத்தால் வெளியே துள்ளி விழும். உங்கள் மகள் மாமாவின் லேத்தில் செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்: வில் நழுவாமல் நிற்க ஒரு வளையம் கடைய வேண்டும், அரை மணி நேர வேலை.

கேள்வி: புதிய கோல்கள் விலை கூடியவை. பழைய இரும்புக் கடையில் எவற்றைப் பொறுக்கலாம்? – தம்பலகாமம் வாசகர்

பதில்: பழுதான அச்சுப்பொறிகளுக்குள் இருக்கும் வழிகாட்டித் தண்டுகளை விடாதீர்கள், அவை நேராகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கடையாமலே ஊசியாகப் பயன்படும். படகுகளிலிருந்து கழற்றிய ஸ்டெயின்லெஸ் உந்தித்தண்டு கிடைத்தால், அது உங்கள் அதிர்ஷ்டம். மோட்டார்ச் சைக்கிள் அதிர்வுதாங்கியின் தண்டு மின்னினாலும், மேல்தோல் கடின குரோமியம் என்பதால் சிறிய லேத்தின் அலகு அதில் பல்லிளிக்கும். கட்டடக் கம்பியையும் விட்டுவிடுங்கள். ஒரு கம்பி மெழுகு போல் வெட்டும், அடுத்தது அலகை முறிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொரு கோலின் ஒரு முனையிலும் வகைக்கு ஒரு நிறம் பூசி வையுங்கள். 304உம் 316உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஈயம் கலந்த பித்தளையும் கலக்காததும் அப்படித்தான். துண்டு வெட்டும்போது நிறம் பூசாத முனையிலிருந்து வெட்டுங்கள்.